ஒளியின் ஓரியல்பையும் தளவிளைவையும் அளக்க எந்தக் குறுக்கீட்டுமானி?

துறைக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது, எம்.எஸ்சி. மாணவர்கள் ஒளியின் ஓரியல்பையும் (அலைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன) தளவிளைவையும் (அலை அதிரும் திசையில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது) அளக்க ஓர் அமைப்பு வேண்டும், எதை வாங்கலாம்? இந்தக் கேள்வி எழுந்ததும் பெரும்பாலும் கருவிப் பட்டியலைத்தான் புரட்டத் தொடங்குகிறோம். யங், மைக்கேல்சன், மாக்-செண்டர், சாக்னாக், ஃபாப்ரி-பெரோ என்று பெயர்கள் வரிசையாக வரும். எல்லாமே குறுக்கீட்டுமானிகள், அதாவது ஒளியைப் பிரித்து மறுபடி சேர்த்து, அப்போது விழும் இருள்-ஒளிப் பட்டைகளைப் பார்க்கும் கருவிகள். படத்தில் கண்ணாடி அதிகமாகத் தெரிவதாலோ என்னவோ, மாக்-செண்டர் பல இடங்களில் ஜெயித்துவிடுகிறது. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். ஏன் என்று சொல்ல, கருவிகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு விளக்குகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணமாக மூன்று ஒளிமூலங்கள் கிடைக்கும்: சோடியம் விளக்கு, ஹீலியம்-நியான் லேசர், சிவப்பு எல்இடி. மூன்றும் மூன்று விதம். 630 நானோமீட்டரை மையமாகக் கொண்டு 20 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும் எல்இடியின் ஓரியல் நீளம் (பிரிந்த கற்றைகள் கடக்கும் தூரங்கள் எவ்வளவு வேறுபடும் வரை பட்டை தெரியும் என்ற அளவு), அலைநீளத்தின் வர்க்கத்தை அலைநீளப் பரவலால் வகுத்தால், சுமார் 20 மைக்ரான். சோடியம் விளக்கில் 589.0, 589.6 என்று இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பட்டைகள் மங்குவதும் தெளிவதுமாக மாறிக்கொண்டே இருக்கும். லேசரில் கணக்கு சென்டிமீட்டரில் போகும். 20 மைக்ரானையும் 30 சென்டிமீட்டரையும் ஒரே கருவி அளக்க வேண்டும் என்றால் அந்தக் கருவிக்கு நிறைய நகரும் இடமும் வேண்டும், மிக நுண்ணிய திருகும் வேண்டும். பட்டியலில் பாதி இங்கேயே கழிந்துவிடும்.

எந்தக் குறுக்கீட்டுமானியானாலும் கடைசியில் நமக்குக் கிடைப்பவை இரண்டே தகவல்கள். ஒன்று, பட்டை எவ்வளவு தெளிவாக இருக்கிறது. இன்னொன்று, பட்டை எங்கே விழுகிறது. தெளிவை எண்ணாக்குவது எளிது: அதிகபட்சச் செறிவிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 1890களில் மைக்கேல்சன் இந்த அளவை வைத்துத்தான் நிறமாலைக் கோடுகளைத் தரம் பிரித்தார். எந்த விளக்கின் தெளிவு வளைவு மேடு பள்ளம் இல்லாமல், நீண்ட பாதை வேறுபாடு வரை மெல்லச் சரிகிறதோ அதுவே தூய கோடு. காட்மியத்தின் 643.8 நானோமீட்டர் சிவப்புக் கோட்டை அவர் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். பாரிஸில் மீட்டர் கோலை ஒளியின் அலைநீளத்தால் அளக்க அந்தக் கோடுதான் பயன்பட்டது.

சிக்கல் என்னவென்றால், பட்டை மங்குவதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. பாதை வேறுபாடு அதிகமாகிக் கால ஓரியல்பு, அதாவது கற்றை தன் முந்தைய நேரத்தோடு ஒத்துப்போவது, போயிருக்கலாம். மூலம் அகலமாக இருந்து இட ஓரியல்பு, அதாவது கற்றையின் இரண்டு இடங்கள் ஒத்துப்போவது, குறைந்திருக்கலாம். இரண்டு கற்றைகளின் தளவிளைவுத் திசைகள் விலகியிருக்கலாம். 45 பாகை விலகினாலே தெளிவு 0.71 ஆகிவிடும், 90 பாகையில் பட்டையே இருக்காது. ஃப்ரெனலும் அராகோவும் இதை 1819-லேயே எழுதிவிட்டார்கள். இல்லையென்றால் ஒரு கற்றை மற்றதைவிடப் பிரகாசமாக இருக்கலாம். செறிவு விகிதம் நாலுக்கு ஒன்று என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் தெளிவு 0.8-ஐத் தாண்டாது. திரையில் பார்க்கும்போது இந்த நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே என் அளவுகோல் இதுதான்: எந்தக் கருவியில் இந்த நான்கு காரணங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்க முடிகிறதோ அது முதலில்.

தளவிளைவு மட்டும் போதுமென்றால்

முதலில் ஒரு செலவைக் குறைத்துவிடலாம். கற்றையின் ஓர் இடத்தில் ஒளி எவ்வளவு தளவிளைவுற்றிருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் குறுக்கீட்டுமானியே வேண்டாம். ஒரு கால் அலைத் தகடு (ஒரு திசை அதிர்வை மற்றதைவிடக் கால் அலைநீளம் பின்தள்ளுவது), அதற்குப் பின்னால் நிலையாக ஒரு போலராய்டு (ஒரே திசை அதிர்வை மட்டும் விடும் தாள்), அப்புறம் ஓர் ஒளி உணரி. தகட்டைச் சுற்றிக்கொண்டே செறிவைக் குறித்தால், சுழற்சிக் கோணத்தின் இரு மடங்கிலும் நான்கு மடங்கிலும் அலையும் பகுதிகள் கிடைக்கும். அவற்றிலிருந்து 1852-ல் ஸ்டோக்ஸ் வரையறுத்த நான்கு எண்களும் வந்துவிடும். முதல் எண் மொத்தச் செறிவு. மற்ற மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, முதல் எண்ணால் வகுத்தால் தளவிளைவு அளவு. விடை ஒன்றுக்கு மேல் வந்தால் ஒளியில் அதிசயம் எதுவும் இல்லை. அறை வெளிச்சத்தை அளவுக்கு மேல் கழித்திருப்பீர்கள், அல்லது தகடு அந்த அலைநீளத்துக்கானது இல்லை.

இதையே குறுக்கீட்டு வழியிலும் செய்யலாம். ஒளியைச் செங்குத்தான இரு தளவிளைவுக் கூறுகளாகப் பிரித்து, அரை அலைத் தகட்டால் ஒன்றைத் திருப்பி மற்றதோடு சேர்த்தால் பட்டை வரும். இரு கூறுகளின் செறிவும் சமமாக இருக்கும்படி அச்சுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தப் பட்டையின் தெளிவுதான் தளவிளைவு அளவு. அதாவது தளவிளைவு என்பதே ஒளியின் இரண்டு கூறுகளுக்கு இடையிலான ஓரியல்பு. கரும்பலகையில் எழுத அருமையான உண்மை. ஆனால் மேசையில் இதற்கு ஒரு முழு மாக்-செண்டர் வேண்டும், அது அசையாமல் இருக்க வேண்டும். சுழலும் தகடு அதே விடையை மூலையில் உட்கார்ந்து தந்துவிடும். ஒரு புள்ளிக்குத் தகடு போதும். இரண்டு புள்ளிகள், அல்லது இரண்டு நேரங்கள் என்று வந்தால்தான் குறுக்கீட்டுமானி தேவைப்படுகிறது.

மைக்கேல்சன்

கற்றையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் திருப்பி அனுப்பி மறுபடி சேர்க்கும் கருவி இது. கால ஓரியல்புக்கு இதைவிட நேரான கருவி இல்லை. ஒரு கண்ணாடியை நகர்த்துங்கள், பட்டைத் தெளிவைக் குறியுங்கள், வரைபடம் போடுங்கள். பட்டையின் இடத்தையும் சேர்த்துக்கொண்டு அந்த வளைவை ஃபூரியே மாற்றம் செய்தால் நிறமாலையே வந்துவிடும். சோடியம் விளக்கில் கண்ணாடி 0.29 மில்லிமீட்டர் நகரும்போதெல்லாம் பட்டை ஒரு முறை மங்கித் திரும்பும். இரண்டு கோடுகளும் ஒரே வலுவில் இல்லாததால் முழுதாக மறையாது. எல்இடியில் நிலைமை கடினம். மொத்த ஓரியல் நீளமே 20 மைக்ரான் என்றால் கண்ணாடியின் நகர்வு 10 மைக்ரான்தான். சாதாரண மைக்ரோமீட்டர் திருகில் அது ஒரே ஒரு பிரிவு. நுண்திருகு இல்லாத மைக்கேல்சனை வாங்கிவிட்டு எல்இடி பட்டையைத் தேடுவது சலிப்பான வேலை. முதலில் சோடியம் விளக்கில் பாதைகளைச் சமமாக்கி, பிறகு எல்இடிக்கு மாறினால் ஓரளவு தப்பலாம்.

மைக்கேல்சனில் எனக்குப் பிடித்த விஷயம் பலரும் கவனிக்காத ஒன்று. உணரிக்கு வரும் இரண்டு கற்றைகளும் கற்றைப் பிரிப்பானில் தலா ஒரு முறை எதிரொளித்து, ஒரு முறை ஊடுருவுகின்றன. எனவே பிரிப்பான் சரிபாதியாகப் பிரிக்காவிட்டாலும் இரு கற்றைகளின் செறிவும் சமமாகவே வந்து சேரும். மலிவான பிரிப்பான் ஒரு தளவிளைவுக்கு 70-30 என்று பிரித்தாலும் ஒரு புயத்துக்கு (பிரிந்த கற்றை போய்வரும் பாதைக்கு) 0.21, மறு புயத்துக்கும் 0.21. நான்கு காரணங்களில் ஒன்று இங்கே தானாகவே அடிபட்டுப் போகிறது. கண்ணாடிகளில் ஒளி நேர்குத்தாக விழுவதால் அவையும் தளவிளைவைக் குழப்பாது.

குழப்புவது பிரிப்பானின் பூச்சு. ஒரு புயம் பூச்சின் ஒரு பக்கமும் மறு புயம் மறு பக்கமும் எதிரொளிப்பதால், செங்குத்துத் தளவிளைவின் பட்டைகளும் கிடைத் தளவிளைவின் பட்டைகளும் சற்று விலகி விழலாம். தளவிளைவற்ற ஒளியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒளியில் இல்லாத மங்கலைக் காட்டும். ஒரு முழுப் பட்டையை 360 பாகை என்று வைத்தால், விலகல் 60 பாகை இருந்தாலே தெளிவு 0.87-ஆகக் குறையும். ஆகவே எதை அளந்தாலும் மூலத்துக்கு முன்னால் ஒரு போலராய்டை வைத்து, இரண்டு திசைகளிலும் தனித்தனியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது ஹீலியம்-நியானுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 'தளவிளைவற்றது' என்று முத்திரை குத்தி விற்கும் மலிவான குழாய்தான் இதற்கு வேண்டும். விலை கூடிய, தளவிளைவுற்ற குழாய் பயன்படாது. குழாயின் இரு கண்ணாடிகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக்கப்படும் அதிர்வெண்கள் 500 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். நியானின் பெருக்க வரம்பு 1.5 கிகாஹெர்ட்ஸ் அளவுதான் என்பதால் ஒரே சமயத்தில் இரண்டோ மூன்றோ அதிர்வெண்கள்தான் எரியும். இந்தக் குழாய்களில் அடுத்தடுத்த அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் தளவிளைவுற்றிருக்கும்.

இரண்டு அதிர்வெண்கள் சம வலுவில் எரியும் நேரத்தைப் பிடியுங்கள். போலராய்டைச் சுற்றினால் செறிவு மாறாது. தளவிளைவு பூஜ்யம் என்றே உணரி சொல்லும். மைக்கேல்சனின் ஒரு கண்ணாடியை 15 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, பாதை வேறுபாட்டை 30 சென்டிமீட்டர் ஆக்குங்கள். பட்டைகள் மறைந்துவிடும். பார்ப்பவர் என்ன முடிவு செய்வார்? ஓரியல்பும் இல்லை, தளவிளைவும் இல்லை என்று. இப்போது மூலத்துக்கு முன்னால் போலராய்டை வைத்து, ஒரு அதிர்வெண்ணின் திசைக்குத் திருப்புங்கள். பட்டைகள் முழுத் தெளிவோடு திரும்பி வரும். 45 பாகை திருப்புங்கள். மறுபடி போய்விடும், ஒளியின் செறிவு மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

இந்த ஒளி உண்மையில் தளவிளைவற்றதா? ஒரு புள்ளியில், ஒரு நேரத்தில் மட்டும் அளந்தால் ஆமாம். நேர வேறுபாட்டையும் சேர்த்து அளந்தால் உள்ளே ஒழுங்கான இரண்டு ஒளிகள் இருப்பது தெரியும். ஓரியல்பைத் தனியாகவும் தளவிளைவைத் தனியாகவும் அளந்து இரண்டு நெடுவரிசையில் எழுதியிருந்தால் இரண்டிலும் பூஜ்யம்தான் இருந்திருக்கும். போலராய்டும் மைக்கேல்சனும் சேர்ந்தபோதுதான் விஷயம் வெளியே வருகிறது. இது ஆய்வக வேடிக்கை மட்டும் இல்லை. இந்த இரண்டு அதிர்வெண்களையும் தளவிளைவால் பிரித்து, அவற்றின் செறிவுகளை ஒப்பிட்டு, குழாயின் நீளத்தைச் சூடேற்றிச் சரிசெய்வதுதான் நிலைப்படுத்திய ஹீலியம்-நியான் லேசர்களின் அடிப்படை.

குழாய் சூடாகும்போது அதிர்வெண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். பட்டை தானாக மங்கித் தெளியும். அதைக் கருவிக் கோளாறு என்று நினைத்துத் திருகுகளைத் தொடாதீர்கள். ஒளி நேராக லேசருக்குள் திரும்பிப் போனாலும் ஆட்டம் வரும், கண்ணாடியைச் சற்றே சாய்த்து வைப்பது நல்லது.

யங்கின் இரட்டைத் துளை

மைக்கேல்சன் கற்றையை அதோடே ஒப்பிடுகிறது. கற்றையின் இந்த ஓரமும் அந்த ஓரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பதில் தராது. அதற்கு யங்தான். ஒரு மில்லிமீட்டர் அகல எல்இடியை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, அதன் முன் இரண்டு பிளவுகளை வையுங்கள். பிளவுகளுக்கு இடையே 0.1 மில்லிமீட்டர் இருந்தால் பட்டை நன்றாகத் தெரியும், இடைவெளி 0.6 மில்லிமீட்டரை ஒட்டி வரும்போது ஏறக்குறைய மறையும். சூரியன் வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக விரிந்திருப்பதால் அதன் நேரடி ஒளியில் இந்த எல்லை 0.07 மில்லிமீட்டர்தான். மூலத்தின் வடிவத்துக்கும் இட ஓரியல்புக்கும் உள்ள இந்த உறவை 1934-ல் வான் சிட்டெர்ட்டும் 1938-ல் செர்னிக்கேயும் நிறுவினார்கள். அதற்கு முன்பே, 1920 டிசம்பரில், மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 20 அடி நீள உத்தரத்தைப் பொருத்தி, திருவாதிரை நட்சத்திரத்தின் பட்டைகள் கண்ணாடி இடைவெளி சுமார் 3 மீட்டரை எட்டும்போது மறைவதை மைக்கேல்சனின் குழுவினர் கண்டார்கள். நட்சத்திரத்தின் கோண விட்டம் 0.047 விகலை என்று கணக்கு வந்தது. யங்கின் இரட்டைத் துளைதான், அளவு மட்டும் பெரிது.

தளவிளைவையும் சேர்க்கும்போது யங் இன்னும் சுவாரசியமாகிறது. 2003-ல் எமில் வுல்ஃப் ஓரியல்பையும் தளவிளைவையும் ஒரே இரண்டுக்கு இரண்டு அணியில் வைத்துப் பேசும் கோட்பாட்டை முன்வைத்தார். முதல் துளையின் இரண்டு கூறுகள், இரண்டாம் துளையின் இரண்டு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் மற்றதோடு உள்ள தொடர்பு, ஆக நான்கு எண்கள். இவற்றை அளக்க ஒவ்வொரு துளையின் மேலும் தனித்தனி போலராய்டு ஒட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு போலராய்டுத் துண்டுகளை வேறு வேறு திசையில் ஒட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அது தேவையும் இல்லை.

இரண்டு துளைகளுக்கும் முன்னால் பொதுவாக ஒரே போலராய்டு போதும். 0, 90, 45, 135 பாகைகளில் ஒவ்வொரு முறையும் பட்டையின் தெளிவு, இடம், தனித்தனிச் செறிவுகள் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு கால் அலைத் தகட்டைச் சேர்த்து, இடஞ்சுழி வட்டம், வலஞ்சுழி வட்டம் என இன்னும் இரண்டு. ஆறு அளவீடுகள். முதல் இரண்டின் கூட்டல், கழித்தல், அடுத்த இரண்டின் வேறுபாடு, கடைசி இரண்டின் வேறுபாடு என்று எடுத்தால் இரு புள்ளிகளுக்கான ஸ்டோக்ஸ் எண்கள் நான்கும் வந்துவிடும். அவற்றிலிருந்து முழு அணியும். பட்டையின் இடத்தையும் குறிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டால் பாதித் தகவல் போய்விடும். அதனால் பிளவுத் தகட்டைத் தொடவே கூடாது. போலராய்டும் மெல்லிய தாளாக இருக்க வேண்டும், ஆப்பு வடிவில் இருந்தால் சுற்றும்போது பட்டை அதனாலேயே நகரும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து 2008-ல் வந்த ஒரு வேலையில் லேசர் கற்றை ஒன்றுக்கு இத்தகைய அணியைச் சோதனை வழியாகத் தீர்மானித்தார்கள். இந்திய ஆய்வகங்களுக்கு எட்டாத விஷயம் இல்லை.

அணி கையில் வந்த பிறகு அதை ஒரே எண்ணாகச் சுருக்குவதில் இரண்டு கட்சிகள் உண்டு. வுல்ஃபின் அளவு, போலராய்டே இல்லாமல் திரையில் தெரியும் பட்டைத் தெளிவை மட்டும் பார்க்கிறது. அதே 2003-ல் டெர்வோ, செட்டாலா, ஃப்ரிபெர்க் ஆகியோர் முன்வைத்த அளவு, அணியின் எல்லா உறுப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. தளவிளைவற்ற ஒளியின் ஒரு புள்ளியை அதனோடே ஒப்பிட்டால் முதல் கணக்கில் 1 வரும், இரண்டாவதில் 0.71. எதற்கும் அதற்கான நியாயம் இருக்கிறது. என் பக்கம் இரண்டாவது: ஒரு துளையில் அரை அலைத் தகட்டை வைத்துத் தளவிளைவைத் திருப்பியதும் ஓரியல்பு காணாமல் போனதாகச் சொல்லும் அளவை எனக்கு நம்பப் பிடிக்கவில்லை. எப்படியானாலும் அறிக்கையில் எந்த வரையறை என்று எழுதிவிடுங்கள்.

யங்கின் குறை எல்லாரும் அறிந்ததுதான். ஒளியில் பெரும்பகுதி தகட்டில் மோதி வீணாகிறது. ஒரு நேரத்தில் இரண்டு புள்ளிகள்தான் கிடைக்கும், இடைவெளியை மாற்ற வேண்டுமென்றால் வேறு பிளவு ஜோடி வேண்டும். எல்இடியில் மையத்திலிருந்து விலகிய பட்டைகள் கால ஓரியல்பு குறைவதாலும் மங்கும். நடுவில் சில பட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.

சாக்னாக்

கற்றை முழுதுக்கும் இட ஓரியல்பு வரைபடம் வேண்டும், மேசை ஆடுகிறது, பக்கத்து அறையில் ஏசி ஓடுகிறது என்றால் சாக்னாக்கை எடுக்கலாம். இரண்டு கற்றைகளும் ஒரே வளையத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் அதிர்வு இருவருக்கும் பொது. ஒரு கண்ணாடியைச் சற்று நகர்த்தினால் கற்றைகள் பக்கவாட்டில் விலகி, ஒவ்வொரு புள்ளியும் குறிப்பிட்ட தூரம் தள்ளி இருக்கும் புள்ளியோடு குறுக்கிடும். துளைகள் இல்லை, ஒளி வீணில்லை. வளையம் சுழற்சியை உணரும் கருவியாயிற்றே, பூமி சுற்றுவது தொந்தரவு செய்யாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். 1925-ல் மைக்கேல்சனும் கேலும் பூமியின் சுழற்சியைப் பார்க்க 612 மீட்டருக்கு 339 மீட்டர் செவ்வகக் குழாய் போட்டார்கள். அதிலும் கிடைத்தது கால் பட்டைக்கும் குறைவான நகர்வு. மேசை மேல் கவலை வேண்டாம்.

பாதைகள் எப்போதும் சமம் என்பதே இதன் பலம், அதனாலேயே கால ஓரியல்பை இதில் அளக்க முடியாது. தளவிளைவுக்கும் இது முதல் தேர்வு இல்லை. செறிவுகள் சமமாக வரும் வாசல் ஒளிமூலத்தை நோக்கித் திரும்பிப் போகிறது. நாம் எளிதாகப் பார்க்கும் வாசலில் ஒரு கற்றை இரு முறை ஊடுருவியும் மற்றது இரு முறை எதிரொளித்தும் வருகிறது. பிரிப்பான் ஒரு தளவிளைவுக்கு 60-40 என்றால் செறிவுகள் 0.36, 0.16, தெளிவு 0.92-க்கு மேல் போகாது. 70-30 என்றால் 0.72. மைக்கேல்சனில் அடிபட்டுப் போன பிழை இங்கே தளவிளைவுக்குத் தளவிளைவு வேறு வேறு அளவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு திசைக்கும் தனியாக அளவுதிருத்தம் செய்யத் தயாராக இருந்தால் சரி.

மாக்-செண்டர் ஏன் கடைசியில்

இரண்டு பிரிப்பான், இரண்டு கண்ணாடி, நாலு திசையிலும் சாய்வுத் திருகு. பாதைகளைச் சமமாக்குவதே தனி வேலை. எல்இடிக்கு 20 மைக்ரானுக்குள் பிடிக்க வேண்டும் என்றால் மாலையே போய்விடும். கற்றைகள் தனித்தனியாகப் பிரிந்து போவதால் ஒரு புயத்தில் வாயுக் கலமோ படிகமோ வைக்கலாம் என்பதுதான் இதன் உண்மையான பயன். ஒளியின் இயல்பை அளக்க அந்தப் பயன் தேவையில்லை. 45 பாகையில் இருக்கும் உலோகக் கண்ணாடிகள் இரண்டு தளவிளைவுகளுக்கும் வேறு வேறு கட்ட மாற்றத்தைத் தருவதையும் (அலையின் ஏற்ற இறக்க நிலையைத்தான் கட்டம் என்கிறோம்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் நான் இதை ஒப்புக்கொள்வேன். முதலாவது, ஒளியிழை. ஒரு மெகாஹெர்ட்ஸ் கோட்டு அகலம் உள்ள லேசரின் ஓரியல் நீளம் நூறு மீட்டரை ஒட்டி வரும். கண்ணாடியை அவ்வளவு தூரம் நகர்த்த வழியில்லை, இழைச் சுருளைத்தான் ஒரு புயமாக வைக்க வேண்டும். அங்கும் தளவிளைவு விடாது. இழையில் விழும் ஒவ்வொரு வளைவும் ஒளியின் தளவிளைவைத் திருப்பும், பட்டை மங்கும், ஓரியல்பு குறைந்ததாகத் தோன்றும். தளவிளைவுக் கட்டுப்படுத்தி இல்லாமல் இழைச் சோதனையில் வரும் எண்ணை நான் ஏற்க மாட்டேன்.

இரண்டாவது, புயத்துக்குள்ளேயே தளவிளைவை மாற்றி என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினால். பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். பஞ்சரத்னம் 1956-ல் கேட்ட கேள்வி இது: வேறு வேறு தளவிளைவு கொண்ட இரண்டு கற்றைகள் ஒரே கட்டத்தில் இருக்கின்றன என்று எப்போது சொல்லலாம்? சேர்ந்தால் செறிவு உச்சமாக வரும்போது, என்று அவர் வரையறுத்தார். அந்த வரையறைப்படி ஒளியின் தளவிளைவை ஒரு சுற்று கொண்டுபோய்ப் பழைய நிலைக்கே திருப்பினால், பாதை நீளம் மாறாமலேயே கட்டம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தின் அளவு, தளவிளைவு நிலைகளைப் புள்ளிகளாகக் காட்டும் பாயின்காரே கோளத்தில் அந்தச் சுற்று அடைக்கும் திண்மக் கோணத்தில் பாதி. பகுதி ஓரியல்பும் பகுதித் தளவிளைவும் சேர்ந்த கற்றைகளைப் பற்றி அவர் அதே காலத்தில் எழுதிய கட்டுரைகள் இந்தத் துறைக்கு நேரான முன்னோடி. பஞ்சரத்னம், சி. வி. ராமனின் சகோதரி மகன். 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தபோது முப்பத்தைந்து வயதுதான். நடைமுறைக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: புயத்துக்குள் தகடுகளைச் சுற்றினால் நகரும் பட்டையில் ஒரு பகுதி இந்தக் கட்டம், மூலத்தின் இயல்பு இல்லை. யங்கில் போலராய்டைத் துளைகளுக்கு முன்னால் பொதுவாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

எதிரெதிராக நிற்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒளியைப் பல முறை மோதவிடும் ஃபாப்ரி-பெரோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேசரின் அதிர்வெண்களைத் தனித்தனிக் கூர்முனைகளாகப் பார்க்க அருமையான கருவி, மேலே சொன்ன ஹீலியம்-நியான் சோதனைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஓரியல்பு அளக்கும் முதன்மைக் கருவியாக வாங்க வேண்டாம். செறிவுக் குறுக்கீட்டு வழி, அதாவது 1956-ல் ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் செய்தது போல இரண்டு உணரிகளில் செறிவு சேர்ந்து ஏறி இறங்குவதை ஒப்பிடுவது, கண்ணாடி ஒழுங்கே கேட்காது. அதிவேக உணரிகள் கேட்கும். வெப்ப ஒளியில் இரண்டு உணரிகளின் இசைவு தளவிளைவுற்ற ஒளிக்கு 2, தளவிளைவற்றதற்கு 1.5 என்று வருவது அழகு. சுழலும் தேய்த்த கண்ணாடியில் லேசரை அடித்தால் வெப்ப ஒளி போன்றதை மலிவாக உருவாக்கியும் பார்க்கலாம்.

கேமரா பற்றி ஒரு வார்த்தை

எந்தக் கருவியை எடுத்தாலும் எண் கடைசியில் கேமராவிலிருந்துதான் வருகிறது. தானியங்கி வெளிச்சச் சரிப்படுத்தலையும் காமா திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். காமா இருந்தால் செறிவு நேர்விகிதத்தில் பதிவாகாது, தெளிவு எண் பொய்யாகும். ஒரு பட்டைக்கு நான்கு படப்புள்ளிகள் மட்டும் இருந்தால் படப்புள்ளியின் அகலமே தெளிவை 0.9-ஆகக் குறைத்துவிடும், பத்து இருந்தால் 0.98. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு புயத்தை அட்டையால் மறைத்து ஒரு படம், மறு புயத்தை மறைத்து ஒரு படம், இரண்டையும் மறைத்து ஒரு படம் எடுங்கள். செறிவுச் சமமின்மையும் பின்னணி வெளிச்சமும் கணக்கிலிருந்து கழியும். சுழலும் தேய்த்த கண்ணாடியைப் பயன்படுத்தும்போது படமெடுக்கும் நேரம், ஒளியில் தெரியும் புள்ளிப் புள்ளியான கோலம் மாறும் நேரத்தைவிட மிக நீளமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஓரியல்பு குறைந்த ஒளி முழுத் தெளிவோடு பட்டை காட்டும்.

என்ன வாங்கலாம்

பெட்டியில் வரும் முழுக் கருவியை வாங்காமல் பாகங்களாக வாங்கச் சொல்வேன். தளவிளைவைப் பாதிக்காத நல்ல கனசதுரப் பிரிப்பான் ஒன்று, உலோகப் பூச்சுக் கண்ணாடிகள் இரண்டு, 20 சென்டிமீட்டர் நீளத் தண்டவாளம், அதன் மேல் நுண்திருகு மேடை, மெல்லிய போலராய்டு, 633 நானோமீட்டருக்கான கால் அலைத் தகடு, சில இரட்டைப் பிளவுகள், காமா அணைக்கக்கூடிய கறுப்பு-வெள்ளைக் கேமரா. பிரிப்பான் கனசதுரமாக இருப்பதால், இரு கற்றைகளும் ஒரே அளவு கண்ணாடியைக் கடக்க வைக்கும் ஈடுசெய் தகடு வேண்டாம். மின்கடத்தாப் பூச்சுக் கண்ணாடிகள் ஒரே கோணத்துக்கு என்று செய்யப்பட்டிருக்கும்; உலோகப் பூச்சு எந்தக் கோணத்திலும் வேலை செய்யும். அதனால் முதல் பருவம் மைக்கேல்சனாக நிற்கும் அதே பிரிப்பானையும் அதே இரண்டு கண்ணாடிகளையும் அடுத்த பருவம் முக்கோணமாக அடுக்கினால் சாக்னாக் தயார். யங்குக்கு இவை எதுவும் வேண்டாம், பிளவும் போலராய்டும் தகடும் போதும். கிரானைட் பலகை ஒன்றைக் காற்று குறைவாக அடைத்த ஸ்கூட்டர் டியூப்களின் மேல் வைத்தால் அதிர்வுக்கு ஓரளவு பாதுகாப்பு. மின்விசிறியை அணைத்து, அமைப்பின் மேல் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தால் காற்றோட்டமும் நிற்கும். மிச்சப் பணத்தில் இரண்டாவது பிரிப்பான் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் இன்னொரு கால் அலைத் தகடு வாங்குங்கள், சோடியத்தின் அலைநீளத்துக்கானதாக.